நாற்பத்தொரு ‘நாம்’

பஸ் காவிரிப் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது.

ஆடி பிறந்து சில நாள் ஆகியிருந்தது. மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் வந்து சேர்ந்து, ஆறு இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு ஓடியது. அதை வேடிக்கை பார்க்க ஸ்கூட்டரை நிறுத்தியவர்கள் ஒரு பக்கம். மறுபக்கம் பழுதாகி நின்ற வாழைத்தார் லாரி. இரண்டுக்கும் இடையில் எங்கள் ஒன்றாம் நம்பர் பஸ். உட்கார்ந்திருந்தவர்கள் நாற்பத்தாறு பேர், நின்றவர்கள் இருபத்தெட்டு. இருபத்தெட்டில் நானும் ஒருவன்.

என் தோள்பையில் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று இருந்தது. அரியமங்கலத்தில் ஓர் அச்சகத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம். மெஷின் பதினோராவது ஃபாரத்தைத் தொடுவதற்குள் நான் அங்கே போய்ச் சேர வேண்டும். தவறினால், ஒரு பெண்மணி ஒன்பது வருஷம் எழுதிய நாவலைக் கொன்ற பெருமை எனக்கு.

“கண்டக்டர், எவ்வளவு நேரம் ஆகும்?”

“என்னைக் கேட்டா? லாரியைக் கேளுங்க பெரியவரே.”

“மணி பதினொன்னு இருபத்திரெண்டு ஆச்சு.”

“நீங்க மணி சொன்னா வண்டி நகருமா?”

பின்னால் நாலைந்து பேர் சிரித்தார்கள். ஐந்து பேர்.

“அப்ப இறக்கி விடுங்க. நடந்து போயிடறேன்.”

“பாலத்துல இறக்கறதில்லீங்க.”

எனக்குச் சுருக்கென்றது. இறக்கறதில்லையாம். யார் இறக்குவதில்லை? எப்போதிலிருந்து? யார் சொல்லி? அந்த வாக்கியத்துக்குள் ஆளே இல்லை. ஆனாலும் கதவு திறக்காது. அன்று காலையில் இதே சாயலில் ஒரு வாக்கியத்தைக் கேட்டுத்தான் வீட்டிலிருந்து ஓடி வந்திருந்தேன்.

குமாஸ்தா ஒட்டிய தாள்கள்

இந்தத் தொடரை இடையில் படிக்க வந்தவர்களுக்காக ஒரு வரி: நான் திருச்சியில் ஒரு நாளிதழில் முப்பத்து நான்கு வருஷம் மெய்ப்பு பார்த்தவன். அச்சாகும் முன்பு பிழை திருத்துகிற வேலை. ஓய்வு பெற்ற பிறகு புத்தகங்களுக்குப் பார்க்கிறேன்.

அவற்றில் அரசியல் நாவல்கள் மட்டும் பதினேழு. பதினேழிலும் சர்வாதிகாரி ஒரே மாதிரிதான் வருவான். மேடை இருக்கும், மைக் இருக்கும், பூட்ஸ் சத்தம் இருக்கும். பத்தாம் அத்தியாயத்துக்குள் சிறைக்கு ‘அமைதி இல்லம்’ என்று பெயர் வைத்துவிடுவான். வரிக்கு ‘அன்புக் காணிக்கை’ என்பான். பொருளுக்குப் பெயர் மாற்றுகிறவனைப் பிடிப்பது சுலபம். பழைய பெயர் ஊருக்கு ஞாபகம் இருக்கும்.

பதினெட்டாவது நாவல் ஸ்டெல்லா டீச்சருடையது. மேலப்புதூரில் மாதா கோயில் மணி கேட்கிற தூரத்தில், மகள் ஜெசிந்தாவோடு இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். பழைய வகுப்பு நோட்டுகளின் பின்பக்கத் தாள்களில் எழுதிய நாவல் இது. அதன் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் விளம்பரம் என்று கடிதம் வரும். இதுவரை இந்தத் தொடருக்கு வந்த பதினான்கு கடிதங்களில் ஐந்து அந்த வகை.

கதை நடப்பது ஒரு கற்பனை ஊரில். ஊருக்கு நடுவே ஆறு, ஆற்றின் மேல் ஒரு பாலம். குடிநீர் அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா. அவனுக்குப் பெயர்கூடக் கிடையாது. மேடை ஏறமாட்டான், குரலை உயர்த்தமாட்டான். அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டுவான். அவ்வளவுதான்.

முதல் பாதியில் அந்தத் தாள்கள் இப்படி இருக்கும்: “நாங்கள் வடக்குத் தெருக் குழாயைச் சரிசெய்துவிட்டோம்.” “நாங்கள் நாளை தொட்டியைக் கழுவுகிறோம்.” சொன்னதைச் செய்கிறார்கள். ஊர் நம்பத் தொடங்குகிறது. பிறகு ஒரு வெள்ளம். வெள்ளம் வடிந்ததும் பலகையில் புதிய தாள்.

“நாம் அக்கரைக்குப் போவதில்லை.”

அடுத்த வாரம், “நாம் அவர்களோடு பேசுவதில்லை.” அதற்கடுத்த வாரம், “நமக்குக் கேள்விகள் இல்லை.”

இப்படியே போய், நாவல் முடிகிற இடத்தில் குமாஸ்தா ஊரையே ஆள்கிறான். கடைசிப் பக்கத்தில் யாரோ வந்து, அந்த அக்கரைத் தாளுக்குக் கீழே சின்னதாக ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போகிறார்கள். அதில் இரண்டே சொல்: “நாங்கள் போவோம்.”

படிக்கிற உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். முப்பத்து நான்கு வருஷம் அனுபவமுள்ள எனக்குப் புரியவில்லை.

ஒரே சீர்

மெய்ப்பு பார்க்கிறவன் கதை படிப்பதில்லை. கதையில் விழுந்தால் ஒற்றெழுத்து தப்பிவிடும். எழுத்து எழுத்தாகத்தான் போவோம்.

எங்கள் நாளிதழில் ஒரு தலைமை உதவி ஆசிரியர் இருந்தார். வெற்றிலைச் சாறு வாயில் தளும்பாமல் பேசுவதில் கெட்டிக்காரர். நான் சேர்ந்த மூன்றாவது நாளே அவர் சொன்னது: “இந்தாப்பா, ஒரு பக்கத்துல கோயில், இன்னொரு பக்கத்துல கோவில்னு வந்துச்சுன்னா, படிக்கறவன் நமக்கு ரெண்டு தலைன்னு நினைச்சுப்பான். ஒரே சீர். அதான் நம்ம வேதம்.”

ஒரே சீர் என்பதில் அன்று பிடித்த பிசாசு இன்னும் இறங்கவில்லை.

அதே மனிதரிடம் ஒரு நாள் வேறு ஒன்று கேட்டேன். அன்றைய நாளிதழில் வந்திருந்த அரசு அறிவிப்புகளில் ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்ற சொல் இருபத்துமூன்று இடத்தில் இருந்தது. பொதுமக்கள் விலகியிருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். வியாபாரிகள் காலி செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

“சார், கேட்டுக்கறது யாருன்னு ஒரு இடத்துலகூட இல்லையே?”

அவர் வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார். “அது தெரிஞ்சா ஜனங்க அவன் வீட்டு வாசல்ல போய் நிப்பாங்கய்யா. அதுக்குத்தானே இந்த வார்த்தையே.”

நான் சிரித்துவிட்டு, ‘கொள்ள’வுக்குப் பின் ‘ப்’ விட்டுப்போன இரண்டு இடங்களைத் திருத்தினேன். அவர் எனக்குக் கொடுத்ததை அன்றே எண்ணிப் பார்த்திருக்கலாம். ‘ப்’பைத்தான் எண்ணினேன்.

டீச்சரின் நாவலிலும் அதையேதான் செய்தேன். குமாஸ்தாவின் அறிவிப்புகளில் முதல் பாதி முழுக்க நாங்கள். நூற்று அறுபத்துமூன்றாம் பக்கத்தில் திடீரென்று நாம். எழுதியவர் அசந்துவிட்டார் என்று நினைத்தேன். ஒன்பது வருஷம் எழுதினால் முன்னால் என்ன எழுதினோம் என்று மறந்துபோகாதா? சிவப்புப் பேனாவை எடுத்தேன். நாம் நாங்களாயிற்று. நமது எங்களதாயிற்று. நமக்கு எங்களுக்கு ஆயிற்று. மொத்தம் நாற்பத்தோர் இடம். ஒவ்வொன்றையும் பக்கம், வரியோடு நீல நோட்டில் குறித்துவைத்தேன். எல்லாப் புத்தகத்துக்கும் அப்படிக் குறிப்பது வழக்கம். வீட்டில் அப்படி நூற்றுப்பன்னிரண்டு நோட்டு இருக்கிறது. என் மனைவி கோமதி ஒவ்வொரு பொங்கலுக்கும் அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போடப்போவதாக மிரட்டுவாள்.

டீச்சருக்கு அப்போது கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. “இப்போதைக்குப் படிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார் சார். நீங்க பார்த்தா நான் பார்த்த மாதிரி” என்று போனில் சொல்லியிருந்தார். திருத்திய தாள்களை அச்சகத்தில் கொடுத்த அன்று அவரைக் கூப்பிட்டேன்.

“முடிஞ்சுதா சார்? எப்படி இருக்கு?”

கருத்துச் சொல்வது என் வேலை இல்லை. ஆனாலும் வாய் சும்மா இருந்ததா?

“எல்லாம் நல்லா இருக்கு டீச்சர். கடைசி வரிதான் கொஞ்சம் சப்புனு இருக்கு.”

“கடைசி வரியா?”

“ஆமா. அவ்வளவு தூரம் படிச்சவன் எழுந்து உட்கார வேண்டாமா? ‘நாங்கள் போவோம்’னு சாதாரணமா முடியுது.”

“சரி சார். யோசிக்கறேன்” என்றார்.

வாசல் குழாய்

இனி, பஸ் பாலத்தில் நின்ற அந்தச் சனிக்கிழமைக் காலை.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் அடுக்குமாடியில் இருபத்துநான்கு வீடுகள். மாதம் ஒரு முறை கீழே கார் நிறுத்துகிற இடத்தில் சங்கக் கூட்டம். அன்று வந்தவர்கள் ஒன்பது பேர். செயலாளர் சேகர், திருவெறும்பூர்ப் பக்கம் பெரிய தொழிற்சாலையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டையில் ஒரு மடிப்பு இருக்காது.

எங்கள் வாசலில் தெருவைப் பார்த்து ஒரு குழாய் உண்டு. பூ விற்கிற சரோஜாம்மா காலையில் ஒரு குடம் பிடிப்பார். கோயிலுக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கால் கழுவிக்கொள்வார்கள். சேகர் ஒரு தாளை எடுத்து வாசித்தார்.

“நாம் நமது வளாகத்தின் தூய்மையைக் கருதி, வாசல் குழாயை வெளியாட்களுக்குத் திறப்பதில்லை.”

வாசித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். நான் கையைத் தூக்கினேன்.

“இதை எப்ப சார் முடிவு பண்ணினோம்?”

“முடிவுன்னு எங்க சார் இருக்கு? தீர்மானமே இல்ல இது. நாம திறக்கறதில்லைன்னு இருக்கு. அவ்வளவுதான்.”

“நேத்துக்கூடத் திறந்திருந்துதே?”

“நேத்து நேத்து சார்.”

“சரி, நாமன்னா யாரு?”

இப்போது எல்லாரும் சிரித்தார்கள். முதல் மாடி மாலதி, “ஐயோ மாமா, நாமன்னா நாமதான். இதையும் எண்ணணுமா?” என்றாள்.

“நீங்க, நான், எல்லாரும்தான் சார்,” என்றார் சேகர் பொறுமையாக. “நீங்க நம்மள்ல இல்லையா?”

இல்லை என்றால் நான் யார்? ஆமாம் என்றால் குழாயை மூடியவர்களில் நானும் ஒருவன். எழுபத்தாறு வயதில் ஒரு சொல் என்னை இப்படி மூலையில் தள்ளியதில்லை.

அப்போதுதான் அவருக்குப் பின்னால் பலகையில் போன மாத அறிவிப்பு கண்ணில் பட்டது. ‘நாங்கள் மோட்டாரை மாற்றிவிட்டோம். – நிர்வாகக் குழு.’

“போன மாசம் வரைக்கும் நாங்கள்னு எழுதினீங்க. இந்த மாசம் நாம்னு...”

வாக்கியம் பாதியில் நின்றது.

நாங்கள் என்றால், கேட்கிறவன் வெளியே நிற்கிறான். வெளியே நிற்பதால் கேள்வி கேட்கலாம், சண்டைக்குப் போகலாம். நாம் என்றால் அவனைக் கேட்காமலே உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தியாயிற்று. இலக்கணத்தில் இதற்கு உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று பெயர். பெயர் எனக்கு ஐந்தாம் வகுப்பிலிருந்து தெரியும்.

டீச்சரின் குமாஸ்தா தடை போடவில்லை, சட்டம் எழுதவில்லை. “நாம் அக்கரைக்குப் போவதில்லை” என்று ஒரு வழக்கத்தைச் சொல்வதுபோலச் சொன்னான். போகிறவன் ‘நாம்’ இல்லை. அந்த ஒற்றைச் சொல்லால் ஊரைப் பிடித்தான். நான் அதை என்னவாக்கினேன்? “நாங்கள் அக்கரைக்குப் போவதில்லை.” குடிநீர் அலுவலக ஊழியர்கள் பாலம் தாண்டுவதில்லையாம். தாண்டாவிட்டால் போங்களேன், எங்களுக்கென்ன!

அந்தக் கடைசி வரி? “நாங்கள் போவோம்.” ஊர் தன் சொல்லைத் திருப்பி எடுத்துக்கொண்டு, குமாஸ்தாவை முதல் முறையாக வெளியே நிறுத்துகிற இடம் அது. முன்னால் இருந்த நாற்பத்தொன்றையும் நான் நாங்களாக்கிவிட்டு, அந்த வெடி நமுத்துப்போனதற்கு டீச்சரைக் குறை சொல்லியிருக்கிறேன்.

(குழாய் என்ன ஆயிற்று என்று கேட்டு இன்னும் ஐந்து கடிதம் வரும். அடுத்த கூட்டத்தில், நாம் என்பதை எடுத்துவிட்டு மூடச் சொல்கிறவர்கள் பெயர் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றேன். பேனா ஒன்பது பேரிடமும் சுற்றி வந்தது. கையெழுத்து ஒன்று விழுந்தது. மடிப்பில்லாத கையெழுத்து. சரோஜாம்மா இன்றைக்கும் தண்ணீர் பிடித்தார்.)

“யார் பண்ணினது?”

படியில் ஏறிக்கொண்டே அச்சகத்துக்குப் போன் செய்தேன். காதர் பாய் எடுக்கவில்லை. மெஷின் ஓடினால் அவருக்குப் போன் கேட்காது. ஆறு முறை அடித்தேன். “சனிக்கிழமை காலைல ஏழாவது ஃபாரம் ஏத்தறேன் சார், சாயங்காலத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சுடும்” என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தார். முதல் பாதியில் நான் கை வைக்கவில்லை. ஆபத்து பதினொன்றிலிருந்துதான்.

அடுத்து டீச்சர்.

“டீச்சர், ஒரு பெரிய தப்பு நடந்துபோச்சு.”

“நடந்துபோச்சா? யார் பண்ணினது?”

பாருங்கள். நானும் அதே வித்தையைத்தான் செய்திருக்கிறேன். ஆளை எடுத்துவிட்டு வாக்கியத்தை மட்டும் அனுப்புவது.

“நான்தான் டீச்சர். நான் பண்ணினேன்.”

எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பத்தொன்று என்ற எண்ணையும் சொன்னேன். பிறகு அவர் குரல், எந்த ஏற்றமும் இல்லாமல்:

“சரி. நாங்க பார்த்துக்கறோம்.”

போன் வைக்கப்பட்டது. இல்லை, அவர் வைத்தார்.

நாங்க. அவரும் ஜெசிந்தாவும். அதில் நான் இல்லை. இருபது வருஷப் பழக்கம். எத்தனையோ புத்தகங்களைப் பற்றி அவரோடு ‘நாம’ என்று பேசியிருக்கிறேன். அதை மட்டும் எண்ணிவைக்கவில்லை.

கோமதி வாசலில் நீல நோட்டோடு நின்றாள். எந்த நோட்டு என்று அவளிடம் நான் சொல்லவே இல்லை.

“போனைக் கேட்டேன். குடை வேணுமா?”

“அவங்க பார்த்துக்கறாங்களாம்.”

“எப்படிப் பார்ப்பாங்க? எங்கெங்க மாத்தினீங்கன்னு அவங்களுக்குத் தெரியுமா? போங்க. படியை எண்ணாம இறங்குங்க.”

எண்ணாமல்தான் இறங்கினேன்.

பாலம்

“பாலத்துல இறக்கறதில்லீங்க” என்று கண்டக்டர் சொன்ன இடத்தில் விட்டேன்.

“நீங்க இறக்க வேணாம் தம்பி. நான் இறங்கறேன்” என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு டிரைவரைப் பார்த்து விசில் கொடுத்தார். “பார்த்து எறங்குங்க. எவனாச்சும் கேட்டா நானாத்தான் எறங்கினேன்னு சொல்லணும்.”

“அதைத்தான் சொல்லப்போறேன்.”

கைப்பிடிச் சுவரை ஒட்டி நடந்தேன். காற்று வேட்டியைப் பறித்தது. கீழே செம்மண் நிறத்தில் தண்ணீர், மேலே லாரியிலிருந்து பழுத்த வாழையின் வாசனை. வெயில் சுட்டது. ஆனால் எனக்கு ஒரு வெறி வந்திருந்தது. ஒரு விளக்குக் கம்பத்துக்கு “நாம் அக்கரைக்குப் போவதில்லை” என்று முணுமுணுத்தேன். அடுத்த கம்பத்துக்கு “போவேன்” என்றேன். பதின்மூன்று கம்பம் தாண்டியதும் மூச்சு முட்டியது. செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த ஒரு புது ஜோடி எனக்கு வழி விட்டது. பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். மொத்தம் பத்தொன்பது கம்பம் நடந்து அக்கரை சேர்ந்தேன்.

சத்திரம் பஸ் நிலையத்தில் திருவெறும்பூர் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஓடி ஏறினேன். நான் கடைசியாக ஓடியது எப்போது என்று யோசித்துக்கொண்டே அரியமங்கலம் வரை போனேன். ஞாபகம் வரவில்லை.

மெஷின் நின்றிருந்தது

லேத் பட்டறைகளுக்கு நடுவே இருக்கிறது காதர் பாயின் அச்சகம். தெருமுனையிலேயே மெஷின் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை. எல்லாம் முடிந்துவிட்டதோ என்று நடையை எட்டிப் போட்டேன்.

உள்ளே மை வாசனை. ஜெசிந்தா சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். காகிதக் கட்டின் மேல் கறுப்புக் கண்ணாடியோடு டீச்சர் உட்கார்ந்திருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. காதர் பாய்தான் ஓடி வந்தார்.

“வாங்க சார். என்ன சார் இது? பதினொண்ணை மெஷின்ல மாட்டிட்டேன். டீச்சரம்மா வந்து, நிறுத்துங்க, இல்லேன்னா உருளையில கையை விட்டுடுவேன்னு நிக்கிறாங்க. யா அல்லா, எனக்கு உசிரே போச்சு.”

“விட்டிருப்பேன்” என்றார் டீச்சர்.

“பத்து ஃபாரம் சுத்தமா வந்துடுச்சு. மிச்சத்துக்கு என்ன பண்ணப்போறீங்க? மூணு மணிக்கு ஸ்கூல் டைரி வேலை ஏறணும். அது ஏறிட்டா உங்க புத்தகம் அடுத்த மாசம்தான்.”

வெளியீட்டு விழா அடுத்த ஞாயிற்றுக்கிழமை. அழைப்பிதழ் போய்விட்டது.

“நான் திருத்திக் கொடுத்த தாளெல்லாம் எங்க பாய்?” என்று கேட்டேன்.

அவர் தலையைச் சொறிந்தார். “கல்யாணப் பத்திரிகைக் கட்டு சுத்தி அனுப்பிட்டேனே சார்.”

“கையெழுத்துப் பிரதி கொண்டுவந்திருக்கோம்,” என்றாள் ஜெசிந்தா. “ஆனா வரிக்கு வரி ஒத்துப்பார்த்தா நாலு நாள் ஆகும் அங்கிள்.”

கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பாயின் மருமகள் பாத்திமா திரும்பினாள். “எல்லா ‘நாங்கள்’ளையும் ‘நாம்’னு மாத்திடவா? ஒரு பட்டன்தான்.”

“ஐயோ வேணாம்!”

நானும் டீச்சரும் ஒரே நேரத்தில் கத்தியிருந்தோம். பாத்திமா கையை விசைப்பலகையிலிருந்து எடுத்தேவிட்டாள். மற்றவர்கள் பேசுகிற ‘நாங்கள்’ பின்பாதியில் வேறு அறுபத்தாறு இருக்கிறது. அதெல்லாம் உண்மையான நாங்கள். கம்ப்யூட்டருக்கு எது எந்த நாங்கள் என்று தெரியுமா?

நான் பையிலிருந்து நோட்டை எடுத்தேன். டீச்சர் முதல் முறையாக என் பக்கம் திரும்பினார்.

“பக்கம் நூத்தி அறுபத்தி மூணு. வரி ஒன்பது” என்று வாசித்தேன்.

“வந்துட்டேன் சார்” என்றாள் பாத்திமா.

டீச்சர் இருந்த இடத்திலிருந்தே சொன்னார்: “நாம் அக்கரைக்குப் போவதில்லை.”

“நூத்தி அறுபத்தொன்பது. வரி இருபது.”

“நாம் அவர்களோடு பேசுவதில்லை.”

புத்தகம் முழுக்க அவருக்கு மனப்பாடம். நான் எண்ணைச் சொல்ல, அவர் வாக்கியத்தைச் சொல்ல, பாத்திமா தட்டினாள். பத்து போனதும் வேகம் பிடித்தது. இருபதில் காதர் பாயும் திரைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். முப்பதாவது வாக்கியம் வந்தபோது அவர், “என்னடா இது, நம்மளையே சொல்ற மாதிரி இருக்கு” என்று கையைத் தேய்த்துக்கொண்டார். நான் அந்த நாவலை அன்றைக்குத்தான் முதல் முறையாகப் படித்தேன் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாமுக்கும் அந்த அறை சின்னதாகிக்கொண்டே வந்தது. மெஷினும் காகிதமும் நாங்களும் ஒரே கயிற்றில் கட்டுப்பட்ட மாதிரி.

ஒன்றே முக்கால் மணிக்கு நாற்பத்தொன்று முடிந்தது.

“கடைசிப் பக்கத்தைக் கொஞ்சம் காட்டும்மா” என்றேன்.

இருநூற்று எண்பத்தேழாம் பக்கம்

பக்கம் வந்தது. பலகை, அக்கரைத் தாள், அதன் முன்னால் நிற்கிற கூட்டம். யாரோ சின்னத் தாள் ஒன்றை ஒட்டிவிட்டுப் போகிறார்கள். அங்கேயே நாவல் முடிந்துவிட்டது. அதில் என்ன எழுதியிருந்தது என்பது இல்லை.

“கடைசி வரி எங்க?”

“டீச்சர் எடுக்கச் சொன்னாங்களே சார். போன வாரமே” என்றாள் பாத்திமா.

நான் டீச்சரைப் பார்த்தேன்.

“ஏன் டீச்சர்?”

“சப்புனு இருக்குன்னீங்களே.”

“நான் சொன்னா எடுத்துடுவீங்களா?”

“வேற என்ன பண்ணுவேன்? எனக்குப் படிக்கக் கண்ணு இல்ல. உங்க கண்ணைத்தான் நம்பினேன்.” அவர் குரல் உயரவே இல்லை. “அந்த ரெண்டு வார்த்தைக்காகத்தான் சார் மொத்தத்தையும் எழுதினேன். அதுவே எடுபடலைன்னா ஒன்பது வருஷமும் வீண்தானேன்னு ரெண்டு வாரமா நினைச்சுக்கிட்டிருந்தேன்.”

நாற்பத்தோர் இடத்தைக் குறித்துவைத்த நோட்டில், நான் செய்த நாற்பத்திரண்டாவது திருத்தம் இல்லவே இல்லை. அதுதான் இருப்பதிலேயே பெரியது.

“போடச் சொல்லுங்க டீச்சர்.”

“நீங்க சொல்லுங்க. நீங்கதான மெய்ப்பு.”

“இல்லை. அது நான் சொல்லக்கூடிய வரி இல்லை.”

காதர் பாய் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். டீச்சர் எழுந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி ஜெசிந்தாவிடம் கொடுத்துவிட்டு, மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தார்.

“நாங்கள் போவோம்,” என்றார். “முற்றுப்புள்ளி வைம்மா.”

பாத்திமா தட்டினாள். இரண்டு சொல், ஒரு புள்ளி.

படித்தவன் எழுந்து உட்கார வேண்டாமா என்று கேட்டவன் நான். ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் எழ வழியில்லை. கைமயிர்தான் எழுந்து நின்றது.

“மாஷா அல்லா,” என்றார் காதர் பாய். “ஸ்கூல் டைரி நாளைக்கு ஏறட்டும். பசங்க கொஞ்சம் லேட்டா வீட்டுப்பாடம் எழுதினா சந்தோஷம்தான் படுவாங்க. பாத்திமா, பதினொண்ணுக்குப் புதுசா போடு.”

சிறிது நேரத்தில் மெஷின் மறுபடி இரையத் தொடங்கியது. முதல் தாள் ஈர மையோடு வந்து விழுந்தது. என் வேலை முடிந்தது. அழையாமல் வந்தவன் அழைக்கும்வரை நிற்கக்கூடாது என்று தோன்றியது. நோட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

“நான் போயிட்டு வரேன் டீச்சர். மன்னிச்சிடுங்க.”

“எங்க போறீங்க? இன்னும் எட்டு ஃபாரம் இருக்கு. உட்காருங்க. நாம பார்த்துட்டுத்தான் போகணும்.”

என் புத்தி எங்கே போகும்? வாய் தானாகக் கேட்டுவிட்டது.

“நாமன்னா யாரு டீச்சர்?”

ஜெசிந்தா சிரித்துவிட்டாள். டீச்சர் சிரிக்கவில்லை. கறுப்புக் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு விரலாக மடக்கினார்.

“நான். நீங்க. ஜெசிந்தா. பாய். பாத்திமா. போதுமா? எண்ணிக்குங்க.”

காகிதக் கட்டில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். உட்கார்ந்தேன். நோட்டை எடுத்து, நாற்பத்தொன்றுக்குக் கீழே நாற்பத்திரண்டு என்று எழுதினேன். பக்கம், வரி எதுவும் போடவில்லை.